சாவுக்குப் போகாத பேண்டு செட்

கலைஞர்களுக்குப் பிழைக்கத் தெரியாது என்பதைக் கண்டுபிடித்த ஒருவர் எங்கள் மலைக்கு வந்திருந்தார். அதைச் சொல்வதற்கு அவருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு வெள்ளைத் திரை, காதோரம் ஒட்டிக்கொள்ளும் மைக், வயர்களைத் தூக்கிவர இரண்டு ஆட்கள் எல்லாம் வேண்டியிருந்தது. என் மனைவி இதே விஷயத்தைக் கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து எந்தக் கருவியும் இல்லாமல், அரிசி களைந்துகொண்டே சொல்லி வருகிறாள். அவளுக்கு யாரும் ஹால் பிடித்துக் கொடுக்கவில்லை.

வந்தவர் ஒரு பெரிய பேண்டின் மேனேஜர். பேண்டு என்றால் எங்களைப் போல ஊர்வலத்துக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிக்கிறவர்கள் இல்லை. மேடை, கிடார், கலர் விளக்கு, புகை. அவர்கள் வாசித்தால் காலேஜ் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பாட்டு முடிந்த பிறகும் இறக்க மாட்டார்கள்.

எங்களுடையது எட்டுப் பேர் கொண்ட பேண்டு செட். எல்லோருக்கும் தேயிலை எஸ்டேட்டில் வேலை. நான் பேக்டரியில் இலை வாட்டுகிற பகுதியில் இருக்கிறேன். வேலை முடிந்தால் கிளாரினெட். கல்யாணம், கடைத் திறப்பு, கோயில் திருவிழா, சாவு, தேர்தலில் ஜெயித்த கட்சியின் ஊர்வலம் எல்லாவற்றுக்கும் வாசித்திருக்கிறோம். தோற்ற கட்சிதான் இதுவரை கூப்பிட்டதில்லை.

சித்திரபுரத்தில் ஒரு ஹாலில் கலைஞர்களுக்கான தொழில் வகுப்பு என்று நோட்டீஸ் வந்ததும், எங்கள் கேப்டன் என்னைப் போகச் சொன்னார். கேப்டன் என் மனைவியின் அண்ணன். பெரிய டிரம் அடிக்கிறவர். பேசும்போதும் அடிப்பது போலத்தான் இருக்கும்.

“நீயே போயிட்டு வா மாப்ள. நீதான் வாயத் தொறக்க மாட்ட. வேற எவனாவது போனா கண்டதக் கேட்டு மானத்த வாங்கிருவான்.”

போக வேண்டிய அவசியம் இருந்தது. எங்கள் எஸ்டேட் மாதா கோயில் திருவிழாவில் மாதா சொரூபத்தைச் சப்பரத்தில் வைத்துத் தூக்கி வருவார்கள். அதற்கு முன்னால் வாசிப்பது எத்தனையோ வருஷமாக நாங்கள்தான். அந்த வருஷம் திருவிழாக் கமிட்டி கூடியபோது யாரோ ஒருவர், “இந்தத் தடவ கொஞ்சம் ஸ்டாண்டர்டா செய்யணும்” என்றார். ஸ்டாண்டர்டு என்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அது நாங்கள் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. மேனேஜருடைய பேண்டைக் கூப்பிடலாமா என்று பேச்சு ஓடியது. முடிவு செய்ய இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் நாங்கள் ஸ்டாண்டர்டு ஆகிவிட வேண்டும்.

மற்ற ஏழு பேருக்கும் திருவிழா போனால் ஒரு வாசிப்பு போகும். எனக்கு வேறொன்றும் போகும். சப்பரம் எஸ்டேட்டின் மேல் டிவிஷனிலிருந்து இறங்கி வரும்போது பள்ளிக்கூட வளைவில் திரும்பும். வழி குறுகல். தோளில் வைத்துத் தூக்குகிறவர்கள் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துத் திருப்ப ஐந்து நிமிஷமாவது ஆகும். அப்போது டிரம், டிரம்பெட் எல்லாம் நின்றுவிடும். கிளாரினெட் மட்டும் தனியாக. நானாகக் கட்டிய ஒரு மெட்டை அங்கே வாசிப்பேன். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் சத்தம் போட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். வருஷத்தில் அந்த ஐந்து நிமிஷம்தான் நான் எஸ்டேட்டோடு பேசுவது. அதைக் கொண்டுபோய்ப் புகை மெஷினிடம் ஒப்படைக்க எனக்கு மனசு வரவில்லை.

வகுப்பில் நல்ல கூட்டம். கடைப் பலகை எழுதுகிறவர், நாடகம் போடுகிறவர்கள், மேஜிக்காரர், கேக்கின் மேல் ரோஜாப்பூ வைக்கிற ஒரு பெண்மணி. எல்லோரும் பிழைக்கத் தெரியாதவர்கள்தான். காலையிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேனேஜர் மலையாளத்தையும் தமிழையும் கலந்து பேசினார். “பாட்டு ஆருக்கும் வேண்டா சேட்டா. நம்ம விக்கறது அனுபவம்” என்றார். நான் முப்பது வருஷமாகப் பாட்டு வாசித்து வீணாகிவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மகளின் பழைய பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துக்கொண்டேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். நான்கு விஷயம் எழுதி முடிப்பதற்குள் அவர் நாற்பது சொல்லிவிட்டார். ஆகையால் எங்கள் பேண்டு செட் உருப்படுவதற்கு அந்த நான்குதான் கிடைத்தது. எல்லோரும் ஒரே மாதிரி பளிச்சென்று உடுத்த வேண்டும். ஒரு சோகக் கதை கையில் இருக்க வேண்டும். கூப்பிட்டவுடன் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, காலண்டர் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும். சாவுக்குப் போகக் கூடாது.

கடைசிப் பாடத்துக்கு அவரே விளக்கமும் கொடுத்தார். “காலையில சாவுக்கு ஊதின வாய்தான் சாயங்காலம் நம்ம கல்யாணத்துக்கு ஊதுதுன்னு பெண்வீட்டுக்காரருக்குத் தோணினா, நிங்களுடைய மதிப்பு எந்தாகும்?” எல்லோரும் தலையாட்டினார்கள். கேக் பெண்மணி எல்லோரையும்விட வேகமாக ஆட்டினார். அவரைச் சாவு வீட்டுக்கு யாரும் கூப்பிட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

எஸ்டேட் கிரெஷ்ஷில்தான் நாங்கள் பழகுவோம். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். பிள்ளைகள் போனதும் தொட்டில் துணிகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வோம். நான் நோட்டைப் பார்த்து நான்கையும் படித்தேன்.

“சோகக் கதையா?” என்றார் டிரம்பெட்காரர். பேக்டரி லாரி ஓட்டுகிறவர். வாயில் டிரம்பெட் இல்லாத நேரமெல்லாம் பேசுவார். “யாரு கதையச் சொல்றது? கேப்டன் அப்பா மரம் விழுந்து செத்தாருல்ல?”

“அது எங்கப்பா இல்லய்யா. ஒங்க சித்தப்பா.”

“யாரா இருந்தா என்ன? செட்டுக்குப் பொதுவா வச்சுக்குவோம்.”

“ஒத்த ரூம்புல ஒம்பது பேரு படுத்துக் கெடந்தோம்னு சொல்லலாம்” என்றார் சைடு டிரம்காரர்.

“கேக்குறவனும் அப்படித்தான படுத்துக் கெடந்தான்? அவன் அழுவானா, நம்ம அழுவோமா?”

லயத்தில் வரிசை வீட்டுக்கு வரிசை வீடு எல்லோருக்கும் ஒரே கதைதான். அதனால் சோகப் பாடத்தை ஒத்திவைத்தோம்.

காலண்டர் பாடத்தை மறுநாளே பயன்படுத்த வாய்ப்பு வந்தது. ஆனைக்கரையிலிருந்து ஒருவர் கடைத் திறப்புக்குக் கூப்பிட்டார். கேப்டன் எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, “காலண்டர் பாத்துட்டுச் சொல்றோம்” என்றார். அந்த ஆள், “பாருங்கண்ணே, லைன்லயே இருக்கேன்” என்றுவிட்டார். மேனேஜர் இதற்குப் பாடம் நடத்தவில்லை. கிரெஷ்ஷில் காலண்டரும் இல்லை. சுவரில் பிள்ளைகளுக்கு எந்த மாதம் எந்தத் தடுப்பூசி என்று ஒரு அட்டைதான் தொங்கியது. கேப்டன் போனைக் காதில் வைத்தபடி அதை ஒரு நிமிஷம் மேலும் கீழும் பார்த்தார். “அன்னைக்குக் கொஞ்சம் டைட்டா இருக்கு...” என்று இழுத்தார்.

“அப்ப சரிண்ணே. நான் செண்டைக்காரங்களப் பாத்துக்கிறேன்.”

போன் வைக்கப்பட்டது. கேப்டன் தடுப்பூசி அட்டையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடை விஷயத்தில் நாங்கள் முழு வெற்றி பெற்றோம். கோயம்புத்தூரில் ஏதோ ஹோட்டல் கைமாறியபோது கழித்துப்போட்ட கோட்டுகள் எட்டு, கேப்டனுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் வந்தன. சிவப்புத் துணி, தோளில் தங்க நிறக் குஞ்சம், நெஞ்சில் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான். அதை மாட்டிக்கொண்டு போன முதல் கல்யாணத்தில், மண்டப வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் என் கையில் கார் சாவியைத் திணித்தார். “சேட்டா, வெள்ளை வண்டி. நெழல்ல போடணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் சைக்கிளே ஓட்டியதில்லை. அதைச் சொல்வதற்குள் ஆள் மறைந்துவிட்டார். தேடிப் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு மூன்று பாட்டு வாசித்தேன். நான்காவது பாட்டுக்குள் பெண்ணின் கார் வந்துவிட்டது. வெள்ளை வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சாவி யாரிடம் என்று மைக்கில் கேட்டார்கள். வாசிப்பை நிறுத்திவிட்டு, எல்லோரும் பார்க்க, கோட்டுக் குஞ்சம் ஆட ஆட நடந்துபோய்ச் சாவியைக் கொடுத்தேன்.

திரும்பி வந்ததும் டிரம்பெட்காரர் காதில் சொன்னார்: “பாட்டு யாருக்கு வேணும்? நீ அனுபவம் குடுத்துட்ட.”

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நான்காவது பாடம் அப்படி இல்லை.

எங்கள் எஸ்டேட்டில் சாவுக்கு பேண்டு செட்டை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டியதும் இல்லை. செய்தி காதில் விழுந்தால் நாங்களே அந்த லயத்து வாசலில் போய் நிற்போம். பால் இல்லாத கட்டன் காப்பியும் பன்னும் வரும். குடித்துவிட்டு வாசித்துக்கொண்டே கல்லறைத் தோட்டம் வரை முன்னால் நடப்போம். இந்துவா கிறிஸ்தவரா என்று பார்த்ததில்லை. இதுதான் வழக்கம்.

கீழ் டிவிஷனில் ஒரு அம்மா இறந்துபோனார். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன்தான் சப்பரம் தூக்குகிறவர்களுக்குத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்தது.

“யாரும் போக வேண்டாம்” என்றார் கேப்டன். “வர முடியாதுன்னு சொல்லவும் வேண்டாம். போகாம இருந்தாப் போதும். கமிட்டிக்கு நம்ம மேல ஒரு மதிப்பு வரணும்ல?”

யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நான்கு பாடங்களில் என் சுபாவத்துக்குத் தோதானது அதுதான். அன்று மூன்று மணிக்கு எட்டுப் பேரும் கிரெஷ்ஷில் உட்கார்ந்து, கோட்டு மாட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, கமிட்டிக்கு வாசித்துக் காட்ட ஒரு கல்யாணப் பாட்டைப் பழகினோம். நன்றாகவே வந்தது.

அடுத்த வாரம் கமிட்டி கூப்பிட்டது. கேப்டன் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்கள். கீழ் டிவிஷனுக்கு அந்த அம்மாவின் மகன். சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார்.

“ஸ்டாண்டர்டு ஆயிட்டீகளாமே?” என்றார்.

கேப்டன் சிரித்துச் சமாளித்தார். “ஏதோ எங்களால ஆனதுண்ணே.”

“எங்கம்மாவ மூணு மணிக்கு எடுக்கணும். நாலு மணி வரைக்கும் எடுக்கல. ஏன்னு கேளுங்க.”

கேப்டன் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

“மேலருந்து டிரம்மு சத்தம் கேட்டுச்சு. வந்துக்கிட்டு இருக்காகன்னு நெனச்சோம். பாதர்கூட ‘இருங்க, வந்துரட்டும்’னு சொன்னாரு. கேட்டுக்கிட்டே நின்னோம். நின்னுச்சு. மறுபடியும் கேட்டுச்சு. வரவேயில்ல.”

மலையில் ஜன்னலைச் சாத்தினாலும் டிரம் சத்தம் கீழே இறங்கிவிடும். முப்பது வருஷமாக வாசிக்கிற எட்டுப் பேருக்கும் இது தெரியாதா என்றால், தெரியும். அன்று ஞாபகம் வரவில்லை. எங்களுக்கு அன்று தொழில் ஞானம் மட்டும்தான் இருந்தது.

ஐந்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. மேடைக்கு மேனேஜரின் பேண்டு. சப்பரத்துக்கு முன்னால் ஒரு ஜீப்பில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டுக்கொள்வார்கள்.

வீட்டில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனைவி சொன்னாள்: “போக வேண்டிய எடத்துக்குப் போகாம இருந்துட்டீக. இப்ப ஊத எடமில்லன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக. ஒங்க மச்சானுக்குத்தான் அறிவில்ல, ஒங்களுக்குமா?” அவளுடைய சொந்த அண்ணனைத்தான் இப்படிச் சொன்னாள். இதற்கும் திரை எதுவும் தேவைப்படவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, வீட்டார் லயத்திலிருந்து கல்லறைக்குப் பூ வைக்கப் போவார்கள். அன்று காலை நான் பேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, சாதாரணச் சட்டையோடு கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு அந்த லயத்து வாசலில் போய் நின்றேன். கேப்டனிடம் சொல்லவில்லை. சொன்னால் பேச வேண்டியிருக்கும்.

மகன் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். “கோட்டு எங்க?”

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதற்கான வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் உள்ளே போய்விட்டார். திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது ஒரு பெண் கட்டன் காப்பியும் பன்னும் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். பன்னைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு எல்லோருக்கும் முன்னால் தனியாக வாசித்துக்கொண்டு நடந்தேன். தனி ஆளாக நடந்து வாசிப்பதென்றால் வழி இரண்டு மடங்கு நீளும்.

பாதி வழியில் பின்னால் பெரிய டிரம் சேர்ந்துகொண்டது. கேப்டன். மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார். அவருக்கும் மேலே சத்தம் கேட்டிருக்கிறது. அவசரத்தில் அதே சிவப்புக் கோட்டைப் பொத்தான் போடாமல் மாட்டியிருந்தார்.

“சொல்லிட்டு வர மாட்டியா மாப்ள?” என்றார். கல்லறை வரை டிரம்மை மெதுவாகத்தான் அடித்தார்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேனேஜரிடமிருந்து கமிட்டிக்கு ஒரு பட்டியல் வந்தது. உடை மாற்ற அறை. பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டில். சமதளத்தில் மேடை. எங்கள் மலையில் சமதளம் என்றால் கால்பந்து மைதானம் ஒன்றுதான், அதுவும் ஒரு பக்கம் சரிந்தது. பட்டியலின் கடைசியில், கலைஞர்கள் எந்த ஊர்வலத்திலும் நடக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்ததாம். கமிட்டி கவலைப்படவில்லை, ஜீப் இருந்தது. ஆனால் சப்பரம் தூக்குகிறவர்களின் தலைவர், அந்த அம்மாவின் மகன், “ஜீப்புக்குப் பின்னாடி எங்க ஆளுக தூக்க மாட்டாக. பொகை மூஞ்சியில அடிக்கும்” என்று சொல்லிவிட்டார்.

“அப்ப முன்னாடி யாரு நடக்குறது?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“நடக்கத் தெரிஞ்சவங்க நடக்கட்டும்.”

இப்படித்தான் எங்களுக்குத் திருவிழா திரும்பக் கிடைத்தது. ஸ்டாண்டர்டினால் இல்லை, ஜீப்பின் புகையினால்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சப்பரம் பள்ளிக்கூட வளைவுக்கு வந்தது. கேப்டன் கையைத் தூக்கினார். டிரம், டிரம்பெட், சிம்பல் எல்லாம் நின்றன. நான் கிளாரினெட்டை உதட்டில் வைத்தேன். கீழே மைதானத்திலிருந்து மலையே அதிர ஒரு குரல் வந்தது: “செக்... செக்... ஹலோ... மைக் செக்...”

நிறுத்திவிட்டேன். திரும்பவும் ஆரம்பித்தேன். “ஹலோ... ஹலோ...” அதற்குப் பிறகு கிடார் ஒரு கம்பி, டிரம் ஒரு அடி, மறுபடியும் ஹலோ. வருஷத்தில் எனக்கிருக்கிற ஐந்து நிமிஷம், அனுபவம் விற்கிறவர்களின் ஹலோவில் போய்க்கொண்டிருந்தது. சப்பரமும் திரும்பி முடிந்துவிட்டது. இனி நகர வேண்டியதுதான். நானும் கிளாரினெட்டை இறக்கிவிட்டேன்.

“யாரும் நகராதீக” என்றார் தூக்குகிறவர்களின் தலைவர். முன்வரிசையில் அவர் தோளில்தான் கனம் அதிகம். “அவன் கத்தி முடிக்கட்டும்.”

“தோளு போகுதுண்ணே” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“போனாப் போகட்டும். எங்கம்மா ஒரு மணி நேரம் காத்துக் கெடந்தா.”

அவர் என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். வியர்வை வழிய, சப்பரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் நின்றார்கள். கீழே ஹலோ ஓய்ந்தது. நான் வாசித்தேன். இரண்டு இடத்தில் மூச்சு தவறியது. மெட்டு முழுதாக முடிந்த பிறகுதான் அவர்கள் அடுத்த அடி எடுத்து வைத்தார்கள்.

மைதானத்தில் மேனேஜர் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். “சேட்டன் நம்ம வகுப்புக்கு வந்திருந்த ஆளல்லே? கண்டோ, பலன் கிடைச்சதல்லே!” என்றார். எட்டுப் பேரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். கோட்டு போட்டால் நன்றாக இருக்கும் என்று சொல்லி, வீட்டிலிருந்து வரவழைத்து மாட்டவும் வைத்தார். அவருடைய பேண்டு அன்று நன்றாகத்தான் வாசித்தது. புகையும் குறைவில்லாமல் வந்தது.

அந்தப் போட்டோ இப்போது அவருடைய வகுப்புகளில் திரையில் வருகிறதாம். கேக் பெண்மணி கடைவீதியில் பார்த்தபோது சொன்னார். சாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சாதாரணத் தொழிலாளிகள், நான்கே பாடத்தில் திருவிழா வரை உயர்ந்த கதை. நாங்கள் எங்கெல்லாமோ தேடியும் கிடைக்காத சோகக் கதையை மேனேஜர் எங்களுக்காகக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

போன மாதம் அவரே எனக்குப் போன் செய்தார். அடுத்த வகுப்பில் மேடையேறி எங்கள் வெற்றியைப் பற்றி இரண்டு நிமிஷம் பேச வேண்டுமாம். முன்பானால் மறுக்கக் கூச்சப்பட்டுச் சரி என்று சொல்லிவிட்டு, அந்த நாள் வரும்வரை தூங்காமல் கிடந்திருப்பேன்.

“காலண்டர் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

போனை வைத்துவிட்டுச் சமையலறைச் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்தேன். அந்தத் தேதி காலியாகத்தான் இருக்கிறது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.